தோளுக்கு ஒரு மெத்தை

மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் "நீயும் ஏதாவது எழுதிக் கொடுடா" என்று கேட்டபோது, எனக்குக் கவிதை வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நம் மலரில் கவிதைக்குப் பஞ்சமும் இல்லை. அம்மா, காதல், வேலையில்லாத் திண்டாட்டம் என்று மூன்றே தலைப்பில் ஒரு கட்டு வந்து கிடக்கிறதாம். "அப்போ உனக்குத் தெரிஞ்சத எழுது" என்றான். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ரப்பர் துண்டைப் பற்றித்தான். துப்பாக்கியின் பின்கட்டையில் வைத்து முடுக்கும், ஒரு அங்குலம் கனமுள்ள ரப்பர் துண்டு. அதைப் பொருத்தப் போய் நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். பொறுமையுள்ளவர்கள் படியுங்கள். மற்றவர்கள் கவிதைப் பக்கத்துக்குப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்!

சனி, ஞாயிறுகளில் நான் எங்கே போகிறேன் என்று விடுதியில் பலருக்குச் சந்தேகம் உண்டு. தினமும் சினிமா பார்க்கிற வசதியுள்ளவன் என்று நினைத்தவர்களுக்கு என் நன்றி. திருச்சியில் உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கி பழுதுபார்க்கும் கடையில் நான் எடுபிடி. ஒரு நாளைக்கு முந்நூறு ரூபாய், மத்தியானச் சாப்பாடு. என் பரீட்சைக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, பஸ் காசு எல்லாம் அதிலிருந்துதான். வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அப்பா மூன்றாம் வகுப்பு. ஆகவே செமஸ்டர் என்றால் என்ன, அரியர் என்றால் என்ன என்று அங்கே விளக்கிச் சொல்லி ஜெயிக்க முடியாது. கட்டணம் கட்டினால் போதும்.

கடையில் நான் துப்பாக்கியைத் தொடுவேனா என்று கேட்பீர்கள். ஆயுதச் சட்டம் 1959-இன்படி இருபத்தொரு வயது நிரம்பாதவன் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. எனக்கு வயது பதினெட்டு. மாஸ்டர் இதில் ரொம்பக் கறார். ஒரு துப்பாக்கி உள்ளே வந்தால் அவரே வாங்கி, போல்ட்டைக் கழற்றி, அறையில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, ரெஜிஸ்டரில் நம்பரை எழுதி, இரும்புப் பகுதியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். என் மேசைக்கு வருவது வெறும் கட்டை. மரம் இழைப்பது, எண்ணெய் தேய்ப்பது, திருகாணி மாற்றுவது. நம் ஃபிட்டிங் ஷாப்பில் சார் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து மூன்று வாரம் அரம் தேய்க்கச் சொல்வாரே, அந்தப் புண்ணியத்தில் கிடைத்த வேலை இது.

சென்ற செமஸ்டரின் கடைசியில் ஒரு மேஜர் வந்தார். ஓய்வு பெற்றவர். ரைபிள் கிளப்பில் பழைய உறுப்பினர். அவரிடம் இருந்தது .315 ஸ்போர்ட்டிங் ரைபிள், நம் நாட்டு இஷாப்பூர் தொழிற்சாலைத் தயாரிப்பு. பழைய லீ-என்ஃபீல்டு அமைப்பிலேயே செய்தது. கட்டை இரண்டு துண்டு. பின்கட்டை தனியாகவே கழன்று வரும். அவருடையதில் மரக்கட்டை எப்போதோ பிளந்துபோய், யாரோ பைபர்கிளாஸில் வார்த்துப் பச்சை நிறத்தில் போட்டிருந்தார்கள். பின்னால் இரும்புத் தகடு.

"தோள்ல ஆபரேஷன் ஆகியிருக்கு. அஞ்சு ரவுண்டு போட்டா ரெண்டு நாளைக்குக் கை தூக்க முடியல. விட்டுடச் சொல்றாங்க. விட மனசு வரல" என்றார் மேஜர். சொல்லிவிட்டு, கட்டையைக் குழந்தையின் முதுகைத் தடவுவதுபோலத் தடவினார்.

அந்த உதை எவ்வளவு என்று அன்றைக்கு இரவே கணக்குப் போட்டேன். முதலாண்டு இயற்பியலில் படித்த உந்த மாறா விதிதான். குண்டு சுமார் 16 கிராம். வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 600 மீட்டர். பெருக்கினால் 9.6. துப்பாக்கியின் எடை 3.2 கிலோ என்று வைத்தால், அது வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது. குண்டோடு சேர்ந்து பாய்ந்து வெளியேறும் வெடிமருந்து வாயுவையும் சேர்த்தால் 4-ஐ நெருங்கும். மூன்று கிலோ இரும்பு, நாம் வேகமாக ஓடுகிற வேகத்தில் வந்து ஒரு தகட்டின் வழியாகத் தோள் எலும்பில் நிற்கிறது! ரப்பர் மெத்தை வைத்தால் இந்த உந்தம் குறையுமா? ஒரு துளியும் குறையாது. நிற்க எடுக்கும் நேரம்தான் கூடும். ரப்பர் எட்டு, பத்து மில்லிமீட்டர் அமுங்கும் நேரம். அந்த நேரம் கூடினால் விசை குறைகிறது. கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுக்கிறோமே, அந்த விஷயம்தான்.

மாஸ்டர் கட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நீ கடற்கரைப் பையன். ஊர்ல எல்லாம் பைபர் போட்டுதானே? பைபர் வேலை தெரியும்ல?"

"தெரியும் மாஸ்டர்" என்றேன்.

நண்பர்களே, அது பொய்.

எங்கள் ஊர் நாகப்பட்டினத்துக்குப் பக்கம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அப்பாவின் கட்டுமரமும் வலையும் போயின. நான் பிறந்தது அதற்குப் பிறகு. அதன்பின் எங்கள் கடற்கரையெல்லாம் பைபர் போட்டுகள் வந்தன. அப்பா போட் கட்டும் யார்டில் கூலிக்குப் போனார். ரெசின் சுமந்தார். அப்புறம் மேட் வெட்டினார். அப்புறம் ரோலர் பிடித்தார். இன்றைக்கு அந்த யார்டில் அவர்தான் மூத்த கை. ஆனால் நான் கற்றுக்கொண்டேனா? இல்லை. அப்பா சாயந்தரம் வந்தால் சட்டையில் கண்ணாடி நார் இருக்கும். தொட்டால் இரண்டு நாளைக்கு அரிக்கும். சின்ன வயதில் அவர் தூக்க வந்தால் ஓடிவிடுவேன். அவரும் குளித்துவிட்டுத்தான் கிட்டே வருவார். பைபர் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதன் அரிப்பு.

சரி, வேலைக்கு வருகிறேன். முதலில் அளவு. விசைக்கும் கட்டையின் பின்முனைக்கும் உள்ள தூரம் மேஜருக்குப் பழகிய பதிமூன்றரை அங்குலம். அது மாறக்கூடாது. மெத்தை 25 மில்லிமீட்டர் கனம், கழற்றப்போகும் தகடு 3 மில்லிமீட்டர். ஆக 22 மில்லிமீட்டர் கட்டையை வெட்ட வேண்டும். சுற்றிலும் இரண்டு சுற்று டேப் ஒட்டி, அதன்மேல் கோடு போட்டு, நெருக்கமான பல்லுள்ள ரம்பத்தால் மெதுவாக அறுத்தேன். டேப் இல்லாவிட்டால் மேற்பூச்சு பொரிந்து தெறிக்கும். பழைய முகத்துக்கு இணையாக வெட்ட வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் குழாய் மேலேயோ கீழேயோ பார்க்கும். பிறகு தட்டையான கண்ணாடிமேல் எமெரித் தாளை வைத்து முகத்தைத் தேய்த்தேன். அரம் பிடித்த மூன்று வாரம் வீண்போகவில்லை.

அறுத்த துண்டு விழுந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தகட்டின் திருகாணிகள் பிடிப்பதற்காக முனையில் மட்டும் ஒரு மரத்துண்டை அடைத்திருக்கிறார்கள். அது வெட்டிய துண்டோடு போய்விட்டது. உள்ளே எட்டிப் பார்த்தால் காலி! மூன்று மில்லிமீட்டர் சுவர், நடுவில் ஒரு குழாய், அவ்வளவுதான். மெத்தையின் திருகாணி எதைப் பிடிக்கும்? காற்றையா?

அந்த நடுக்குழாய் வேறு சும்மா இல்லை. லீ-என்ஃபீல்டு அமைப்பில் பின்கட்டையை இரும்போடு இறுக்குவதே அதன் வழியாகப் போகும் ஒரு நீளமான போல்ட்டுதான். பின்னாலிருந்து நீண்ட திருப்புளியை விட்டு முடுக்க வேண்டும். எனவே குழாயை அடைக்கவும் கூடாது, மெத்தையை நிரந்தரமாக ஒட்டவும் கூடாது. என்றைக்காவது போல்ட் தளர்ந்தால் மெத்தையைக் கழற்றித்தானே ஆகவேண்டும்? ஒரு தேக்குத் துண்டை உள்வடிவத்துக்குச் செதுக்கி, நடுவில் குழாய்க்குத் துளை போட்டு, எபாக்சியில் வெட்டிய நாரைக் கலந்து பசைபோலாக்கி, உள்ளே அழுத்தி வைத்தேன். உள்சுவரை முன்பே சொரசொரப்பாகத் தேய்த்திருந்தேன். ஒரு ராத்திரி விட்டதும் கல்லாக நின்றது. மாஸ்டர் தட்டிப் பார்த்து "ம்" என்றார். அவர் "ம்" சொன்னால் நம் பிரின்சிபால் கைகொடுத்த மாதிரி.

மெத்தையில் திருகாணித் தலை வெளியே தெரியாது. ரப்பரின் வெளிமுகத்தில் பிளேடால் சின்னதாகக் கீறி, அதன் வழியே திருகாணியைத் தள்ள வேண்டும். திருகாணிக்கும் திருப்புளியின் தண்டுக்கும் சோப்புத் தடவினால்தான் ரப்பர் கிழியாமல் விழுங்கும். எடுத்தபின் கீறல் தானாக மூடிக்கொள்ளும். எங்கே என்று தேடவேண்டும். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

மெத்தை எப்போதும் கட்டையைவிடப் பெரிதாகத்தான் வரும். கட்டையின் ஓரத்தை ஒட்டிக் கூரான முனையால் ரப்பரில் கோடு கீறி, மெத்தையைக் கழற்றி, ஒரு ஜிக்கில் பூட்டி, சாய்மானம் வைத்து, பெல்ட் சாண்டரில் தேய்க்க வேண்டும். கட்டையின் அடிக்கோடு எந்தச் சாய்வில் போகிறதோ, அதே சாய்வு மெத்தையிலும் தொடர வேண்டும். அந்தச் சாய்வைப் பிடிக்கத்தான் ஜிக். "ஜிக் செஞ்சுக்கோ. அவசரப்படாத" என்று மாஸ்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டு, கலெக்டர் ஆபீசுக்குப் போனார்.

அன்றைக்கு சனிக்கிழமை. திங்கள் காலை இரண்டு ரெக்கார்டு நோட்டு வைக்க வேண்டும். ஜிக் செய்ய அரை நாள் ஆகும். கட்டையிலேயே மெத்தையைப் பூட்டி, கட்டைமேல் டேப் ஒட்டி, அப்படியே தேய்த்தால் என்ன? முக்கால்வாசி நன்றாகத்தான் போனது. ரப்பர் பொடி கறுப்பாகப் பறந்தது. நாற்றம் தாங்கவில்லை. கடைசியில் அடிமூலை. கை ஒரு நூல் சாய்ந்தது. 60-ஆம் நம்பர் பெல்ட். டேப் எந்த மூலைக்கு? ரப்பர் தேயும் சத்தம் மாறி 'கர்'ரென்று ஒரு சத்தம் வந்தது. எடுத்துப் பார்த்தேன். ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பச்சைப் பூச்சைக் காணோம். வெள்ளை நார் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

சாண்டரை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் மனதில் ஓடியது மேஜரின் தோள் அல்ல, பரீட்சைக் கட்டணம்தான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. கொஞ்சம் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டால் தெரியாதே என்றும் யோசித்தேன். பெயிண்ட் டப்பாவைத் தேடிக்கூடப் பார்த்தேன்.

மாஸ்டர் வந்தார். பார்த்தார். திட்டியிருந்தால் தேவலாம். கட்டையை விளக்குக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க அப்பா என்ன வேலை பாக்குறாரு?" என்றார்.

"போட் யார்டுல பைபர் அடிக்கிறாரு மாஸ்டர்."

"அப்ப அவருக்குப் போன் போடு."

போட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள் "கையில பட்டுச்சா? விரலு நல்லாருக்கா?" என்றார் அப்பா. நல்லா இருக்குப்பா என்றதும், "காலைல வரேன்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் இரண்டு பிரஷ், ஒரு சின்ன ரோலர், அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு. மாஸ்டர் நாற்காலியைக் காட்டினார். அப்பா உட்காரவில்லை. "பையன் பைபர் தெரியும்னு சொன்னான்" என்றார் மாஸ்டர், சும்மா சொல்வதுபோல.

அப்பா என்னை ஒரு நொடி பார்த்தார்.

"தெரியும்ண்ணே. இன்னும் கை பழகல" என்றார்.

கட்டையைக் கையில் வாங்கினார். பார்க்கவில்லை, முதலில் கட்டைவிரலால் ஓட்டினார். "இது ரெண்டு பாதி மோல்டு. இந்தா ஜாயிண்டு. நல்லா அடிச்சிருக்கான், ஆனா இந்தப் பக்கம் ரோலர் சரியாப் போகல, காத்து நின்னிருக்கு." பிறகு என்னிடம், "உள்ள என்ன ஊத்துன?"

"எபாக்சிப்பா."

"அது வரைக்கும் தேஞ்சிருந்தா என் ரெசின் புடிச்சிருக்காது. எபாக்சி மேல பாலியஸ்டர் ஒட்டாது. பழைய தோல் கொஞ்சம் மிச்சம் இருக்கு, பொழச்ச."

எபாக்சி டப்பாவின் காகிதத்தை நான் இரண்டு தடவை படித்திருந்தேன். இது அதில் இல்லை.

ரெசின், ஜெல்கோட், மேட் எல்லாம் பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி செய்கிற ஒரு பட்டறையில் மாஸ்டர் கொஞ்சமாக வாங்கி வைத்திருந்தார். காயத்தைச் சுற்றி எமெரியால் சரிவாகத் தேய்க்கச் சொன்னார் அப்பா. "குழி மாதிரி இருக்கக்கூடாது, தட்டு மாதிரி இருக்கணும்." அசிட்டோன் துணியால் துடைத்தோம். கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினா என்று மூன்று முறை கேட்டுக்கொண்டார். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகுதான் மற்றது. கேட்டலிஸ்ட் பாட்டிலைத் திறந்தபோது நான் கடையின் கண்ணாடியை நீட்டினேன். அது கண்ணில் பட்டால் பார்வையே போகும். "இத்தன வருஷமா போடாமத்தான் ஊத்துறேன்" என்றார். "எங்க ஷாப்புல கண்ணாடி இல்லாம நின்னா வெளிய அனுப்பிடுவாங்கப்பா" என்றேன். போட்டுக்கொண்டார். காதில் சரியாக மாட்டத் தெரியவில்லை. நான் மாட்டிவிட்டேன்.

அவர் மூடியால்தான் அளப்பார். வெயில் நாளில் இவ்வளவு, மழை நாளில் இன்னும் கொஞ்சம். நான் கடையின் தராசிலும் சிரிஞ்சிலும் அளந்து பார்த்தேன். நூற்றுக்கு ஒன்றரை. சொன்னேன். "அப்படியா? அதுக்குப் பேரு இருக்கா?" என்று சிரித்தார்.

சின்ன மேட், அதன்மேல் கொஞ்சம் பெரிய மேட். பிரஷ்ஷால் குத்திக் குத்தி, காற்று ஒரு குமிழிகூட இல்லாமல் வெளியேற்றினார். பிரஷ்ஷை என்னிடம் கொடுத்து "தேய்க்காத, குத்து" என்றார். குத்தினேன். கை அரித்தது. அது இறுகியதும் தேய்த்துச் சமப்படுத்தினோம். பிறகு நிறம். பச்சையில் ஒரு சொட்டுக் கறுப்பு, ஊசிமுனையில் மஞ்சள். பழைய பூச்சின்மேல் ஒரு புள்ளி வைத்துப் பார்ப்பார், துடைப்பார், மறுபடி கலப்பார். ஒரு மணி நேரம் இதே. என் ரெக்கார்டு நோட்டு ஞாபகம் வந்தது, வாயைத் திறக்கவில்லை. ஜெல்கோட்டைத் தடவிய பிறகு, புளிச்சோறு கட்டி வந்த பாலிதீனைக் கழுவித் துடைத்து, அதன்மேல் இழுத்துப் போர்த்தினார். காற்றுப் பட்டால் ஜெல்கோட்டின் மேல்தோல் பிசுபிசுப்பாகவே நிற்குமாம். காற்றை மறைத்தால்தான் முழுதாக இறுகும். பாலிதீனை உரித்ததும், எமெரித் தாளை மாற்றி மாற்றித் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டார்.

மாஸ்டர் பணம் கொடுத்தார். அப்பா வாங்கவில்லை. சட்டைப் பையில் திணித்தபோது, அதை எடுத்து அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் நம் காலேஜ் வாசல். "உள்ள வாங்கப்பா" என்றேன். "இந்தச் சட்டையோடவா? இன்னொரு நாளைக்கு" என்று கேட்டுக்கு வெளியே நின்று பெயர்ப் பலகையை அண்ணாந்து பார்த்தார். வாட்ச்மேன் அண்ணனுக்கு ஒரு கும்பிடு போட்டார். பஸ்ஸில் ஏறியதும் ஜன்னல் வழியாக, "அந்த ஜிக்கோ என்னமோ சொன்னியே, அதச் செஞ்சு வச்சுக்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமை முழுவதும் ஜிக் செய்தேன். மிச்சமிருந்த அடிமூலையை அதில் பூட்டித் தேய்த்தேன். மாஸ்டர் கட்டையை இரும்போடு சேர்த்து போல்ட்டை முடுக்கினார். மெத்தையை நான் பூட்டினேன். ரெக்கார்டு நோட்டு ஒரு நாள் தாமதம். சார் பத்துக்கு ஏழு போட்டார். போகட்டும்.

மேஜர் கிளப்பில் பத்து ரவுண்டு சுட்டுவிட்டு வந்தார். கடை வாசலிலேயே கையை மேலே தூக்கிக் காட்டினார், முழுதாக அல்ல, காதுவரைக்கும். மாஸ்டர் அவரிடம் காயம்பட்டதை ஒளிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். மேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டையை ரொம்ப நேரம் தேடினார். "எங்கப்பா? காணோமே!" என்றார். நான் வெயிலில் எடுத்துப் போய்க் காட்டினேன். அடிமூலையில், ஜாயிண்டுக்குப் பக்கத்தில், ஒரு நூல் அளவுக்குப் பச்சை வெளிறித் தெரியும்.